கோடைமழையும் கல்லுரலும்

கொல்லிமலையில் பங்குனிக் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்துவிட்டால், எட்டுப் பத்து நாளில் காபித் தோட்டங்களின் நிறமே மாறிவிடும். கிளை நெடுக வெள்ளைப் பூ. வாசனை ஏறக்குறைய மல்லிகைதான். மூன்று நாள், மிஞ்சிப்போனால் நான்கு நாள் நிற்கும். பிறகு வாடி உதிர்ந்துவிடும்.

பூப்பது மூன்று நாள்தான் என்றாலும், அதற்கான ஏற்பாடு மாதக்கணக்கில் நடக்கிறது. பனிக்காலம் முடிவதற்குள்ளாகவே செடி மொட்டுக் கட்டிவிடும், விரிக்காது. மண் காயக் காய மொட்டு அப்படியே உறங்கும். சுமார் 25 மில்லிமீட்டர், அதாவது ஒரு அங்குல மழை வேர்வரை இறங்கிய பிறகே உறக்கம் கலையும். அரைகுறைத் தூறல் போட்டுவிட்டு மேகம் கலைந்தால் சும்மா இருந்ததைவிட நஷ்டம் அதிகம்: மொட்டு பாதி விழித்து, விரிய முடியாமல் கருகும். ஒழுங்காகப் பூத்த தோட்டத்துக்கும் இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு மழை வேண்டும்; இல்லாவிட்டால் பிஞ்சு நிற்காது. ஆக, அடுத்த கார்த்திகை, மார்கழியில் கிடைக்கப்போகும் காபியின் அளவு சித்திரையிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

வடக்கே குளிர்நாடுகளில் தோட்டக்காரர்கள் இந்த மாதங்களில் பார்ப்பது வெப்பமானியை. உறைபனி கடைசியாக என்றைக்கு விழும் என்பதுதான் அங்கே கேள்வி. கனடாவின் டொரொன்டோ பகுதியில், மே 24-ஐ ஒட்டி வரும் விக்டோரியா தின விடுமுறைக்கு முன்னால் தக்காளி நாற்றை வெளியே நடக்கூடாது என்பது வழிவழியாக வரும் பழக்கம். ஸ்கார்பரோவில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் அதற்குக் கட்டுப்பட்டவர்களே. பாகல், கத்தரி, மிளகாய் எல்லாம் சன்னலோரத்தில் நாற்றாக வளர்ந்து காத்திருக்கும். கறிவேப்பிலைத் தொட்டி குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் குடியிருந்துவிட்டு வெயில் வந்த பிறகு வெளியேறும்.

கொல்லிமலைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. பரப்பு ஏறத்தாழ 280 சதுர கிலோமீட்டர். மேல்தளத்தின் உயரம் பெரும்பாலும் 1,000 முதல் 1,300 மீட்டர். தை மாதத்தில் விறைக்கும், ஆனால் ஊட்டியைப் போல உறைபனி விழாது. மே மாதம் கீழே சேந்தமங்கலமும் ராசிபுரமும் கத்திரி வெயிலில் காயும்போது, காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே வந்தவர்களுக்கு ராத்திரியில் போர்வை தேவைப்படும். இங்கே விதைப்பை நிறுத்தி வைப்பதும் தொடங்கி வைப்பதும் வானம்தான். சித்திரை, வைகாசியில் விழும் இடிமழையை வைத்து வருஷம் எழுதப்படுகிறது. அதன் பின்னால் தென்மேற்குப் பருவமழை, அப்புறம் ஐப்பசி மழை. சமவெளியில் ஆடிப்பட்டம் தேடி விதைப்பார்கள்; மலையில் ஆடிக்குள் சாமைப் பயிர் முழங்கால் உயரம் வந்திருக்க வேண்டும்.

இங்கே வாழும் பெரும்பான்மையினர் மலையாளிப் பழங்குடியினர். கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை, பேசுவது தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவர் ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள் என்று அவர்களுடைய பிறப்புக் கதை சொல்கிறது. மலை வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு உள்ளிட்ட பதினான்கு நாடுகளாகப் பிரிந்திருக்கிறது. நாடு என்றால் பரந்த நிலம் என்று நினைத்துவிடக் கூடாது. சில குக்கிராமங்கள், சில சரிவுகள், நடுவில் ஒரு ஓடை, அவ்வளவுதான். வல்வில் ஓரி ஆண்டதாகப் புறநானூறு பாடும் மலை இது. ஆடி 18-ஐ ஒட்டி அவன் பெயரில் அரசு விழா எடுக்கிறது, மலர்க் கண்காட்சி வைக்கிறது. சுற்றுலாக்காரர்கள் ஆகாய கங்கையையும் அறப்பளீசுவரர் கோயிலையும் பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். வழியில் அவர்கள் கடந்துபோகும் வீடுகளின் புழக்கடையில்தான் விஷயம் இருக்கிறது.

வீட்டை ஒட்டிய சிறு நிலம் பெண்களின் பொறுப்பு. முதல் மழை விழுந்ததும் அங்கேதான் மண்வெட்டி இறங்கும். சரிவிலுள்ள மேட்டாங்காட்டு உழவு அதற்கப்புறம். மாட்டுத் தொழுவத்திலும் ஆட்டுப் பட்டியிலும் குவிந்த எருவை முன்கூட்டியே கொட்டிப் பரப்பியிருப்பார்கள். மூங்கில் நட்டுப் பந்தல் போட்டு அவரையும் மொச்சையும் ஏற்றுவார்கள். சுரை, பூசணிக்குக் குழி தனி. மிளகாய், கத்தரி, தக்காளி அடுப்படிக்கு எட்டும் தூரத்தில். சௌசௌவுக்கு விதை எடுக்கும் வேலையே கிடையாது: காய்க்குள் இருக்கும் ஒற்றை விதை காயிலிருந்தபடியே முளைக்கும், முளைவிட்ட காயை முழுசாகவே மண்ணில் பாதி புதைத்துவிட வேண்டியதுதான். சற்றுத் தள்ளி வாழை, கொய்யா, எலுமிச்சை. அவற்றுக்கும் மேலே பலா. பலாவின் நிழலில் காபி, மரங்களைப் பற்றிக்கொண்டு மிளகு. ஒரு சென்ட் நிலத்தை உயரவாக்கில் நாலு அடுக்காகப் பயன்படுத்தும் இந்த ஏற்பாட்டை வேளாண் கல்லூரிகள் இப்போது பாடமாக வைத்திருக்கின்றன.

இதையெல்லாம் ‘நம் பாரம்பரியக் காய்கள்’ என்று மொத்தமாகப் புகழ்ந்து எழுதுபவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். மிளகாய், தக்காளி, கொய்யா, சௌசௌ, அன்னாசி, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவை. காபி எத்தியோப்பியாவின் செடி. மிளகுக்கொடி ஏற நட்டிருக்கும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையைச் சேர்ந்தது. கேழ்வரகுகூட ஆப்பிரிக்க மேட்டு நிலங்களில் பிறந்து வந்தது. தினையைப் பயிராக்கியவர்கள் சீனத்தில் இருந்தார்கள். இந்திய மண்ணிலேயே பயிராகிய உள்ளூர்க்காரர்கள் என்று மிளகு, பலா, சாமை போன்றவற்றைச் சொல்லலாம். வந்த செடியை வைத்துக்கொள்வதில் மலைக்காரர்களுக்கு எப்போதும் தயக்கம் இருந்ததில்லை.

சித்திரையில் பலாவும் தயாராகிவிடும். பிஞ்சைக் குழம்பு வைக்கலாம், பழத்தைத் தின்னலாம், கொட்டையைச் சுட்டோ அவித்தோ சாப்பிடலாம். பழைய களஞ்சியம் தீர்ந்து புது விளைச்சல் வருவதற்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிற காலத்தில் இந்த மரம்தான் வயிற்றைப் பார்த்துக்கொண்டது. காட்டு வள்ளிக்கிழங்கும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் கொல்லி என்றதும் பலாவும் தேனும் வந்து விழுவது புலவர்களின் கற்பனை மட்டுமல்ல. இன்று சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் அன்னாசியும் மலைவாழையும் குவிகின்றன. கீழிருந்து வரும் வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

சாலையோரம் ‘முடவாட்டுக்கால்’ என்று பலகை தொங்கும் கடைகளில் ரோமம் படர்ந்த கிழங்கு ஒன்று விற்கும். உண்மையில் அது கிழங்கு அல்ல. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. சூப் நன்றாகவே இருக்கும். மூட்டுவலி தீரும் என்பது கடைக்காரரின் வாக்கு. யாரும் நட்டு வளர்ப்பதில்லை, காட்டிலிருந்து பெயர்த்து எடுக்கிறார்கள்; வார இறுதிக் கூட்டம் கூடக் கூட அது எத்தனை நாள் தாங்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

இனி சாமைக்கு வருவோம்.

கொல்லிமலையின் நிலத்தில் ஓடையோரத் தாழ்வு வயல், அங்கே நெல். அதற்கு மேலே, சரிவில் கிடக்கும் கப்பியும் மண்ணும் கலந்த மேட்டாங்காடு. அங்கே சாமை, கேழ்வரகு, தினை, வரகு, பனிவரகு. கிணறு கிடையாது, உரம் கிடையாது, மண்ணும் ஆழமில்லை. அந்த இடத்தில் சாமையைத் தவிர வேறெதையும் நம்பி விதைக்க முடியாது என்பதால்தான் சாமை விதைத்தார்கள். வைகாசியில் இரண்டு உழவு ஓட்டி, விதையைக் கையால் வீசித் தூவி, மேலாக ஒரு உழவு ஓட்டி மூடிவிடுவார்கள். ஆமணக்கோ அவரையோ கடுகோ இடையிடையே நிற்கும். கேழ்வரகை நாற்று விட்டு, மழை பிடித்த பிறகு பிடுங்கி நடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அறுப்பு. அகன்ற பாறையே களம்.

சாமை என்று ஒரு பெயரில் சொல்லிவிட்டுப் போக முடியாது. வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, திருகுலச்சாமை, கட்டவெட்டிச் சாமை என்று பல உண்டு. தினையில் பெருந்தினை, செந்தினை, மூக்காந்தினை, பாலந்தினை. கேழ்வரகில் சுருட்டை, கருமுழியான், சட்டக் கேழ்வரகு. கதிரின் வடிவம், உமியின் நிறம், தட்டையின் உயரம் எல்லாம் வேறு. முக்கியமான வேறுபாடு நாள் கணக்கில் இருக்கிறது: சில சாமை ரகங்கள் மூன்று மாதத்தில் தலைசாயும், சில ஐந்து மாதம் வரை நிற்கும். மழை முந்தி வந்தால் நீண்ட ரகம், பிந்தினால் குறுகிய ரகம். வானிலை அறிக்கை இல்லாத காலத்தில் ஒரு குடும்பத்துக்குக் காப்பீடாக இருந்தது இந்த ரகங்களின் வரிசைதான்.

அந்த வரிசையை வைத்திருந்த இடம் தொம்பை. தரையிலிருந்து தூக்கி மரக்கால்கள் மேல் நிறுத்தி, மூங்கில் பின்னலில் மண் பூசி, கூரை வேய்ந்த தானியக் களஞ்சியம். எலியும் ஈரமும் அண்டாது. விதைக்கான கதிரை அறுவடைக்கு முன்பே, நின்ற பயிரில் பார்த்துப் பொறுக்கிவிடுவார்கள். வீட்டுச் சாப்பாட்டுத் தானியத்தோடு அது கலக்காது. அவரை, மொச்சை விதைகளுக்கு அடுப்புச் சாம்பல் பூச்சு. சாம்பல் துகள் வண்டின் மேலுள்ள மெழுகுப் பூச்சைச் சுரண்டிவிடும்; உடம்பு நீர் வற்றி வண்டு சாகும். சுரைக் குடுவையில் போட்டு அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவதும் அதே நோக்கத்துக்குத்தான். கேழ்வரகுக்கு இந்தச் சிரமமும் வேண்டாம்: மணி அத்தனை பொடிசு, பூச்சிக்கு உள்ளே இடமில்லை, வருஷக்கணக்கில் கெடாமல் இருக்கும்.

இவ்வளவு தோதான பயிரை ஏன் விட்டார்கள்?

வழக்கமாகச் சொல்லப்படும் பதில் மரவள்ளி. அது பாதிப் பதில். ஆனாலும் அந்தக் கதை சுவாரசியமானது, தென்னமெரிக்காவில் தொடங்குகிறது. திருவிதாங்கூரை 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் அங்கிருந்து வந்த மரவள்ளியைப் பஞ்சத்துக்கு மாற்று உணவாக ஊக்குவித்தார். இரண்டாம் உலகப் போரின்போது மலேயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்து வியாபாரிகள் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்து பார்த்தார்கள். அசல் ஜவ்வரிசி ஒரு பனைவகை மரத்தின் தண்டிலிருந்து வருவது. சேலத்தில் செய்தது அதன் போலி. போலி ஜெயித்துவிட்டது. சேலம், ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல் பக்கமெல்லாம் சேகோ ஆலைகள் எழுந்தன. ஆலை முதலாளிகளின் கூட்டுறவு நிறுவனமான சேகோசர்வ் 1981-இல் தொடங்கியது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. இந்த ஜவ்வரிசியின் பெரிய வாடிக்கையாளர்கள் தமிழர்கள் அல்ல. மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் விரத நாட்களில் கிளறும் சாபுதானா கிச்சடி கொல்லிமலைச் சரிவிலிருந்து தொடங்கியிருக்கலாம்.

மலைச்சாலை சீரானதும் லாரி மேலேறியது. சாமைக்கு வாங்க ஆளில்லை. மரவள்ளியை வேரோடு எடை போட்டு வாங்கிக்கொண்டு கையில் பணம் கொடுக்கும் ஆள் வீட்டு வாசலுக்கே வந்தார். குச்சியை வெட்டி நட்டுவிட்டால் பத்து மாதம் அதிகம் பார்க்க வேண்டியதில்லை. 1970-களுக்குப் பிறகு மேட்டாங்காடுகள் ஒவ்வொன்றாக மாறின. இதற்கு விவசாயியைக் குறை சொல்வது நகரத்து வழக்கம். பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, மகள் திருமணம் எதையும் சாமையாக அளந்து கொடுக்க முடியாது. நிலத்துக்கு நஷ்டம் உண்டு என்பதும் உண்மைதான்: சாமையின் சல்லிவேர் சரிவு மண்ணைப் பிடித்து வைக்கும், மரவள்ளிச் செடிகளுக்கு இடையே வெறும் மண் மழைக்குத் திறந்து கிடக்கும், அறுவடை என்றாலோ மண்ணையே தோண்டிப் புரட்டுவது.

மீதிப் பதில் காட்டில் இல்லை, வீட்டு முற்றத்தில் இருந்த கல்லுரலில் இருக்கிறது.

நெல்லைக் கொடுத்தால் மில்லில் அரிசியாகி வரும். கேழ்வரகை அப்படியே அரைத்து மாவாக்கலாம். சாமைக்கும் தினைக்கும் வரகுக்கும் அந்த வசதி கிடையாது. மணி பொடிசு, உமி கடினம், மணியோடு இறுக ஒட்டியிருக்கும். நெல் மில்லில் போட்டால் நழுவிப்போகும் அல்லது நொறுங்கும். ஆகவே காயவைத்து, உரலில் இட்டு, இருவர் எதிரெதிரே நின்று உலக்கையால் மாற்றி மாற்றிக் குத்தி, முறத்தில் புடைத்து, சலித்து, மறுபடி குத்தி, மறுபடி புடைத்து, கல் பொறுக்கி அரிசியாக்க வேண்டும். ஒரு வேளைச் சோற்றுக்கான சில படி சாமைக்கு மணிக்கணக்கில் வேலை. களை எடுப்பு, தண்ணீர் சுமப்பது, விறகு, மாடு எல்லாம் முடித்த பிறகு இந்த வேலை. செய்தவர்கள் எல்லோரும் பெண்கள்.

இந்த நேரத்தில் ரேஷன் அரிசி வந்தது. தமிழ்நாட்டில் கிலோ ஒரு ரூபாய் என்று 2008 செப்டம்பரிலும், விலையே இல்லை என்று 2011 ஜூனிலும் ஆனது. குத்த வேண்டாம், புடைக்க வேண்டாம், உலையில் போட்டால் சோறு. எந்தப் பெண் உலக்கையைத் தேடிப் போவாள்? சாமைச் சோற்றின் சத்துப் பற்றிப் பேசுகிற மருத்துவர்களும் எழுத்தாளர்களும் ஒரு நாள் உரலடியில் நின்றிருந்தால் இவ்வளவு வியப்படைந்திருக்க மாட்டார்கள். அடுக்களையில் ஆள் கைவிட்ட தானியத்தைக் காட்டில் ஏன் விதைக்க வேண்டும்? ஒரு குடும்பம் விதைப்பதை நிறுத்தினால் அது ஒரு குடும்பத்தோடு நிற்கவில்லை. விதையைக் கடன் வாங்கிக் கடன் கொடுத்து வாழ்ந்த ஊர் அது. பத்து வீடு நிறுத்தினால் ரகமே ஊரைவிட்டுப் போய்விடும். தொம்பைகள் காலியாக நின்று, கூரை சரிந்து, விறகாயின.

சென்னையில் 1988-இல் தொடங்கிய எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் கொல்லிமலைக்கு வந்தபோது பார்த்தது இந்த நிலைமையை. பசுமைப் புரட்சியோடு பெயர் பிணைந்துபோன விஞ்ஞானியின் நிறுவனம், அந்தப் புரட்சியின் நெல்லும் கோதுமையும் ஓரங்கட்டிய தானியங்களைத் தேடிக்கொண்டு மலையேறியது. இதில் உள்ள முரணைப் பலரும் கவனித்திருக்கிறார்கள், சுவாமிநாதனும் கவனிக்காதவர் அல்ல. ரகங்களைச் சேகரித்தார்கள், பட்டியலிட்டார்கள், ஊரூராக விதை வங்கி வைத்தார்கள். பழைய தொம்பையையே சில இடங்களில் விதை வங்கியாக்கினார்கள். விதியும் பழையதுதான்: விதை வாங்கிப் போகிறவர் அறுவடையில் சற்றுக் கூட்டித் திருப்பித் தர வேண்டும்.

விதை கொடுத்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. நிலைமையை அசைத்த பொருள் சாமைக்கென்று வடிவமைத்த உமி நீக்கும் சிறு இயந்திரம். 2001-இல் தொடங்கிய, ஐ.நா.வின் வேளாண் மேம்பாட்டு நிதி ஆதரவு பெற்ற திட்டத்தின்போதும் அதற்குப் பின்பும் மலைக் கிராமங்களில் இத்தகைய மில்கள் வைக்கப்பட்டன. சுய உதவிக் குழுப் பெண்களே ஓட்டினார்கள். அரை நாள் குத்த வேண்டியது இப்போது சில நிமிடத்தில் அரிசியாகி விழுந்தது. வீட்டுச் செலவுக்குப் போக மிச்சமானதைப் பொட்டலம் கட்டினார்கள். சாமை அரிசி, தினை மாவு, கேழ்வரகு மால்ட், உப்புமா ரவை என்று விற்பனைக்கு வந்தது. விதைக் காவலர்களின் கூட்டமைப்பு ஒன்றும் உருவாகியது. விதையைக் கைவீசித் தூவுவதற்குப் பதிலாக வரிசையில் போட்டால் களையெடுப்பது எளிது, மகசூலும் கூடும் என்று சொல்லிக் கொடுத்தார்கள். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகமும் திருவண்ணாமலை மாவட்டம் அத்தியந்தலில் சிறுதானிய மகத்துவ மையத்தை 2014-இல் அமைத்தது. அங்கிருந்து ஏடிஎல் 1 என்ற சாமை ரகம் 2019-இல் வெளியானது.

உலகத்தின் வட முனைக்கு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் தொலைவில் நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில், 2008-இல் ஒரு விதைப் பெட்டகம் திறந்தார்கள். மலையைக் குடைந்து, மைனஸ் 18 டிகிரியில், உலக நாடுகளின் விதைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் நிறுவனத்தின் குளிர் அறைகளிலும் சிறுதானிய விதைகள் உண்டு. போரோ பஞ்சமோ வந்தால் அவை கைகொடுக்கும். ஆனால் குளிர் அறையில் இருக்கும் விதை அங்கே போன வருஷத்தில் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கும். மேட்டாங்காட்டில் ஒவ்வொரு வைகாசியும் விழும் விதை, பிந்திய மழை, புதுப் பூச்சி, இளைத்த மண் எல்லாவற்றையும் கடந்து வந்த கதிரிலிருந்து மறுபடி பொறுக்கப்படுகிறது. அந்தப் பொறுக்கல் நடக்க, யாராவது விதைத்தாக வேண்டும். விதைக்க, யாராவது சாப்பிட்டாக வேண்டும். சுற்றிச் சுற்றி விஷயம் அடுக்களைக்கே வருகிறது.

இந்தியா 2018-ஐத் தேசியச் சிறுதானிய ஆண்டு என்றது, 2023-ஐ ஐ.நா. சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் சாமை அரிசி சாதாரண அரிசியைவிட அதிக விலைக்குப் போகிறது, உணவகங்களில் தினைப் பொங்கல் கிடைக்கிறது. கொல்லிமலையில் இதனால் மரவள்ளி பின்வாங்கிவிட்டதா என்றால், இல்லை. அதன் சரிவுகள் சாமையிடம் முழுமையாகத் திரும்பவும் இல்லை. மரவள்ளிக்கும் சோதனை வராமல் இல்லை. 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் முதலில் தென்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி சேலம், நாமக்கல் தோட்டங்களைப் படாதபாடு படுத்தியது. அதைத் தின்று தீர்க்க ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து ஒரு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் விட்டார்கள். ஜவ்வரிசி விலை சரிகிற வருஷங்களில் மரவள்ளிக்காரர்கள் கையைப் பிசைகிறார்கள்.

சாமைக்கு இப்போது நெருக்கடி இன்னொரு பக்கத்திலிருந்து வருகிறது. சில்வர் ஓக் நட்டு மிளகு ஏற்றிவிட்டால் வேலை குறைவு, வருமானம் கூடுதல், இளைஞர்கள் திருப்பூருக்கோ கோவைக்கோ வேலைக்குப் போயிருந்தாலும் தோட்டம் நிற்கும். மரம் வளர்ந்து நிழல் விழுந்த இடத்தில் சாமை வராது. மரவள்ளியைப் பிடுங்கிவிட்டு அடுத்த வருஷமே சாமை போடலாம். இருபது வயது சில்வர் ஓக்கை யாரும் சாமைக்காக வெட்டப் போவதில்லை. குரங்கும் காட்டுப்பன்றியும் வேறு. காவலுக்கு ஆளில்லாத தனிக் காட்டில் சாமை போட்டவர் அறுப்பதற்குள் கதிர் பாதியாகிவிடும் என்பதால், விதைக்கிறவர்கள் ஒரே பக்கமாகச் சேர்ந்து விதைக்கப் பார்க்கிறார்கள்.

இப்போதைய நிலவரப்படி பல வீடுகளில் கணக்கு இப்படி ஓடுகிறது: சாலைக்கு அருகிலுள்ள காட்டில் மரவள்ளி, கொஞ்சம் நிழல் உள்ள இடத்தில் காபியும் மிளகும், வீட்டுப் புழக்கடையில் அவரையும் பூசணியும், மிஞ்சிய ஒரு மூலையில் வீட்டுச் செலவுக்குச் சாமை. மில் பக்கத்து ஊரில் இருந்தால் அந்த மூலை சற்றுப் பெரிதாக இருக்கிறது. மில் பழுதாகி மாதக்கணக்கில் சரிபார்க்காமல் கிடந்தால் அடுத்த வைகாசியில் மூலை சுருங்கிவிடும்.

கோடைமழை முந்தி விழுந்த வருஷத்தில் பிரச்சினை இல்லை, கையிலிருக்கும் எந்தச் சாமையையும் விதைக்கலாம். வைகாசி பாதி கடந்தும் மண் நனையவில்லையென்றால் ஐந்து மாத ரகத்தைத் தொடக் கூடாது. மூன்று மாதத்தில் தலைசாய்வதைத்தான் எடுக்க வேண்டும். அந்த விதை இன்னும் யார் வீட்டில் இருக்கிறது என்று ஊரில் வயதான பெண்களைக் கேட்டுக்கொண்டு போவார்கள். இல்லையென்றால் விதை வங்கியின் பொறுப்பாளரைத் தேடிப் போய், அறுவடையில் கூட்டித் தருவதாகச் சொல்லி இரண்டு படி வாங்கி வருவார்கள்.